வேறொரு துஆ

எங்கள் வீட்டுத்திட்டத்தின் வாசலில் ஒரு வளைவு இருக்கிறது. உள்ளே நுழையும்போது வலப்பக்கத் தூணில் ஒரு கறுப்புக் கல். அதில் வீடு தந்த நாட்டின் பெயரும் அதன் ஆட்சியாளரின் பெயரும் பொன்னிற எழுத்தில் இருக்கின்றன. தமிழில் இரண்டு வரி, சிங்களத்தில் இரண்டு வரி, ஆங்கிலத்தில் இரண்டு வரி. அரபியில் மட்டும் ஆறு வரி. அந்த ஆறு வரியையும் எழுதியவள் நான்.

காலையில் பாடசாலைக்குப் போகும்போது முச்சக்கர வண்டியில் வலப்பக்கம் உட்காருவேன். பின்னேரம் திரும்பும்போது இடப்பக்கம். கல் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. நான் வெயிலுக்குப் பயந்து இடம் மாறுகிறேன் என்று வண்டிக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். டீச்சர் கறுத்துப்போய்விடுவாங்க என்று பகிடி பண்ணுவார். நானும் சிரித்துவைப்பேன். புத்தளம் வெயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன, தப்ப முடியுமா? தெருவில் திரியும் கட்டாக்காலிக் கழுதைகள் நாலைந்து அந்தத் தூணில்தான் முதுகு சொறியும். ஆறு வருடமாகச் சொறிகின்றன. எழுத்து இன்னும் அழியவில்லை.

நாடுகளின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் வாசிப்பவர்கள் உடனே ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். அந்த நாடு அப்படித்தான், இந்த நாடு இப்படித்தான் என்று கதை வேறெங்கோ போய்விடும். நான் எழுதவந்தது என் கை எழுதிய ஒரு துஆவை, ஒரு பிரார்த்தனையைப் பற்றி. ஆட்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். என்னோடு வளர்ந்த ஒருத்தியின் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவளும் நானும் ஒரே முகாமில் வளர்ந்தவர்கள். எங்கள் வாப்பாமார் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு இந்தக் கரைக்கு வந்து இறங்கியவர்கள். நான் தூக்கிவரப்பட்ட பிள்ளை. அவள் இங்கே கொட்டிலில் பிறந்தவள், அக்கா முறையில் என்னை ராத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். ஒரு வருடத்தில் திரும்பிப் போய்விடுவோம் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் வாப்பா மௌத்தாகிக் கண்ணை மூடினார். கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் இடையில் ஒரு கிடுகுதான் சுவர். ஒரு வீட்டில் இருமினால் மூன்று வீட்டில் தண்ணீர் வார்ப்பார்கள். அப்படி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியாமல் என்னைத் திட்டவேண்டாம். தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

அவள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் அரபுக் கல்லூரிக்குப் போய் மார்க்கம் படித்து மௌலவியா ஆனேன். அவளை ஒரு மீன்பிடிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் பள்ளிவாசல்துறையில் இன்னொருவருடைய படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு மகள் பிறந்தாள். பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். சண்டையில்லாத ஊர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது சண்டை இருக்கவும் இல்லை.

அனுப்பியது எங்கள் எம்.பி.யுடைய மச்சானின் ஏஜென்சி. எம்.பி. நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மரணம் நடந்த மையித்து வீடு ஒன்றையும் தவறவிடமாட்டார். வீடு தந்த நாட்டின் தேசிய தினத்துக்கு ஒவ்வொரு வருடமும் போய்வருவார். அவருடைய மகன் அங்கேதான் புலமைப்பரிசில் பெற்றுப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் பெண்களை ஏற்றுகிறார், மறு கையால் வீட்டை இறக்குகிறார் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். அதைச் சொல்லி யாரும் கோபப்பட்டதில்லை. இரண்டும் எங்களுக்குத் தேவையாக இருந்தன.

எனக்கும் அவரிடம் ஒன்று தேவையாக இருந்தது. ஒன்பது வருடம் தொண்டர் ஆசிரியையாகக் கற்பித்தேன். மௌலவி ஆசிரியர் நியமனம் இன்று வரும், நாளை வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். எம்.பி.யின் இணைப்பாளர் என்னைத் தேடிவந்து அரபியில் கடிதம் எழுதித் தரச்சொன்னபோது, என் பெயரும் பட்டியலில் ஏறும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அந்தக் கனத்தை நானே விரும்பி மடியில் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்காக எழுதிய கடிதங்களில் எல்லாவற்றையும் எழுதினேன். கிடுகு, மழை, பாம்பு, கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு எல்லாம். கடைசியில் நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அரபுக் கல்லூரியில் கடிதம் எழுதும் பாடத்தில் ஆட்சியாளருக்கு எழுதும் மாதிரிக் கடிதம் ஒன்று இருந்தது. நாங்கள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்தவர்கள். யாருடைய வாழ்விலும் ஓர் ஆட்சியாளருக்குக் கடிதம் எழுதும் நாள் வரப்போவதில்லை என்று தெரிந்தும் மனப்பாடம் செய்தோம். அதன் முடிவில் ஒரு துஆ வரும். அல்லாஹ் அவருடைய ஆயுளை நீட்டுவானாக, அவருடைய கொடியை உயர்த்துவானாக, அவருடைய படைகளுக்கு வெற்றி அளிப்பானாக, அவருடைய பகைவர்களின் வீடுகளை அவர்கள் தலைமேல் கவிழ்ப்பானாக. நான் அதை அப்படியே எழுதினேன். தமிழில் கடிதம் எழுதினால் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று முடிப்போமே, அதில் எவ்வளவு உண்மை இருக்கும்? அவ்வளவு யோசனையோடுதான் அதையும் எழுதினேன்.

தூதரகத்தில் அந்தத் துஆ மிகவும் பிடித்துப்போய்விட்டதாம். அதைக் கல்லில் பொறிக்கவேண்டும், திறப்பு விழாவில் ஒரு பிள்ளை அதை ஓதவேண்டும், தங்கள் நாட்டுத் தொலைக்காட்சி வந்து படம் பிடிக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். ஓத யாரைத் தெரிவுசெய்வது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நான் பின்னேரங்களில் ஓதிக்கொடுக்கும் மதரசாவில் குரல் என்றால் அவளுடைய மகளின் குரல்தான். பத்து வயது. மைக் இல்லாமலே தெருமுனைக்குக் கேட்கும்.

பிள்ளையைப் பழக்கத் தொடங்கி இரண்டாவது கிழமை, அவளைப் பெற்ற உம்மா இருந்த நாட்டின் மேல் குண்டு விழ ஆரம்பித்தது.

எங்கள் தொலைக்காட்சிச் செய்தியில் அது ஒரு நிமிடம் வந்தது. கிரிக்கெட்டுக்கு முன்னால். அந்நிய விமானங்கள் என்றார்கள். எவருடைய விமானங்கள் என்று சொல்லவில்லை. நான் கைத்தொலைபேசியில் அரபிச் செய்தியை வாசித்தேன். எங்கள் ஊரில் அரபிச் செய்தி வாசிக்கக்கூடியவர்கள் நாலைந்து பேர் இருப்போம். அதில் தெளிவாக எழுதியிருந்தது. எங்களுக்கு வீடு தந்த நாட்டின் விமானங்கள். அங்கே நடந்த உள்நாட்டுச் சண்டையில் ஒரு பக்கத்துக்குத் துணையாக வந்திருந்தன.

அவள் குரல் பதிவு அனுப்பினாள். பாஸ்போட் வீட்டுக்காரர் கையில், விமான நிலையம் பூட்டு, ஆனால் பயப்படவேண்டாம், நாங்கள் இருப்பது நகரத்தின் மறுபக்கம் என்றாள். பின்னால் கண்ணாடி நடுங்கும் சத்தம் கேட்டது. அதையும் பகிடியாக்கினாள். வீட்டுக்கார அம்மாவின் பீங்கான்கள் எல்லாம் தாமாகவே கழுவப்பட்டு விழுகின்றன, எனக்கு வேலை மிச்சம் என்றாள். நாங்கள் கதைக்கும்போது இடையிடையே அரபி வரும். என்னுடையது புத்தகத்தில் படித்த கிதாபு அரபி, அவளுடையது அடுப்படியில் பழகிய குசினி அரபி என்று என்னைச் சீண்டுவாள். என்னுடையதில் கடைத்தெருவில் ஓர் இறாத்தல் வெங்காயம் வாங்க முடியாது என்பாள். அது உண்மைதான்.

நான் இணைப்பாளரிடம் போனேன். இதை இங்கே எழுதுவது எனக்கு முக்கியம். போகவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. போய், துஆவில் இரண்டு வரியை மாற்றவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று முதலில் பழமொழி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அவங்க கேட்டது அந்த வரியத்தான். கல்லுலயும் வெட்டியாச்சு. இப்ப மாத்தினா ஏன் மாத்தின எண்டு கேப்பாங்க, வீடும் போகும். நம்மட ஆக்களுக்கு என்ன வெளங்கவா போகுது? ஆமீன் சொல்லப் போறாங்க, அவ்வளவுதானே."

கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். நியமனப் பட்டியல் இந்த மாதம் கொழும்புக்குப் போகிறது என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நல்ல செய்தியாகத்தான் சொன்னார். எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் கேட்டது.

அன்று பின்னேரம் பிள்ளை வழக்கம்போல் வந்தாள். முதல் வரியை ஓதிக் காட்டினாள். எழுத்துக்கு எழுத்து சுத்தம். இது என்ன துஆ என்று கேட்டாள். வீடு தந்தவர்களுக்கு நல்லது கேட்கிற துஆ என்றேன்.

"உம்மாக்கும் ஓதலாமா டீச்சர்?"

"ஓம்" என்றேன்.

ஒரு சொல். வேறு எதையும் சொல்லியிருக்கலாம். உம்மாவுக்கு வேறு துஆ இருக்கிறது மகள், நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆறு வருடமாக அந்த இடத்தில் வேறு பதில்களை வைத்துவைத்துப் பார்க்கிறேன். எல்லாம் பொருந்துகின்றன.

திறப்பு விழாவன்று பந்தல் நிறையச் சனம். வெள்ளை அங்கி அணிந்த விருந்தாளிகள் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். வட்டிலப்பம் வெயிலில் இளகிப் போயிற்று. எம்.பி. பேசினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தமிழில் சொல்வார்கள், நாமோ உப்பு விளைகிற மண்ணின் மக்கள், நமக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

பிறகு பிள்ளை மேடைக்கு ஏறினாள். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, மூச்செடுத்து, நான் பழக்கிய மாதிரியே ஓதினாள். ஒவ்வொரு வரிக்கும் சனம் ஆமீன் சொன்னது. இருபத்தைந்து வருடம் மழையில் நனைந்த சனம், அன்றைக்குத்தான் கையில் சொந்த வீட்டுப் பூட்டின் திறப்பு கிடைக்கவிருந்த சனம். அவர்களுடைய ஆமீனில் ஒரு பொய்யும் இருக்கவில்லை. பிள்ளையின் தகப்பன் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னார். கண்ணீர் தாடியில் வடிந்தது. அந்தப் படைகளுக்கு வெற்றி என்ற வரியிலும் சொன்னார். வீடுகள் தலைமேல் கவிழட்டும் என்ற வரியிலும் சொன்னார். முன்வரிசையில் இருந்த விருந்தாளிகளில் ஒருவர் மட்டும் அந்த வரியில் தலை குனிந்துகொண்டார். விருந்தாளிகள் எல்லோருக்கும் விளங்கியிருக்கும், அவருக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. பந்தலில் இருந்த அத்தனை பேரிலும் எங்கள் இரண்டு பேருக்குத்தான் அந்த வரியில் வெட்கம் இருந்தது போலும். நானும் ஆமீன் சொன்னேன். வாய் பழகிவிட்டது.

சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் திட்டத்தில் வீடுகள் சோடி சோடியாகக் கட்டப்பட்டவை. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று. அவளுடைய வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமாக விழுந்தன. கிடுகு போய்க் கல் வந்திருக்கிறது, ஆனால் இருமல் இன்னும் கேட்கும் என்று அவளுக்கு எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. கணவர் அனுப்பிய படத்தைப் பார்த்திருக்கிறாள். பகிடி ஒன்றுமில்லாத குரல். நான் அவளிடம் அதுவரை கேட்டிராத குரல்.

"ராத்தா, புள்ள நல்லா ஓதினா. அந்தக் குரலக் கேட்டு அழுதிட்டன். ஆனா ராத்தா, அந்த வரி எனக்கு வெளங்கிச்சு. வீட்டுக்கார அம்மாவும் பக்கத்துல நிண்டு கேட்டாங்க. உன்ட புள்ளயா இது எண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல? உங்கள நான் கொற சொல்லல்ல. வீடு தேவதானே. புள்ளைக்கு வேற துஆ ஒண்டு சொல்லிக் குடுங்க, ராத்தா."

குசினி அரபிக்கு அது விளங்கிவிட்டது. கிதாபு அரபி எழுதியதை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று முறை குரல் பதிவு செய்து மூன்றையும் அழித்தேன். ஒன்றில் அழுதேன், ஒன்றில் நியாயம் சொன்னேன், ஒன்றில் கோபப்பட்டேன். ஓம், கோபப்பட்டேன், நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா என்று கேட்டேன், குண்டு விழும் ஊரில் இருப்பவளைப் பார்த்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியட்டும், மனம் தெளிந்து பேசுவோம் என்று தள்ளிவைத்தேன். ஜும்ஆ முடிந்தது. பாடசாலையில் தவணைப் பரீட்சை வந்தது. ஒன்பதாம் நாள் ஏஜென்சியிலிருந்து அவளுடைய கணவருக்கு அழைப்பு வந்தது.

கட்டடம் இடிந்து மௌத்தாகிவிட்டார் என்றார்கள். எம்.பி.யும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். அடுத்த நாள் பத்திரிகையிலும் அதுதான் இருந்தது. எதனால் இடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. வீடு கவிழ்ந்திருந்தது. தலைமேல்தான் கவிழ்ந்திருந்தது.

அந்தக் கிழமை பாராளுமன்றத்தில் குண்டுவீச்சைக் கண்டித்து உறுப்பினர்கள் சிலர் கையொப்பமிட்டு அறிக்கை ஒன்று வெளியிட்டார்கள். எங்கள் எம்.பி.யின் கையொப்பம் அதில் இல்லை. காய்ச்சல் என்று சொன்னாராம். அடுத்த நாளே எங்கள் பள்ளிவாசலில் அவளுக்காக ஜனாஸாத் தொழுகை வைத்தபோது, உடல் அங்கே எங்கேயோ அடக்கப்பட்டிருக்க இங்கே தொழுதபோது, முதல் வரிசையில் நின்றார். பிறகு வீட்டுக்கு வந்து அவளுடைய கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காய்ச்சல்காரர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் அவர்மேல் கல்லெறிய எனக்கு என்ன யோக்கியதை? அவர் கையொப்பமிடவில்லை. நான் இட்டிருந்தேன்.

வீட்டுக்குள் பெண்கள் இறந்தவளுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தோம். ஓதி முடிந்ததும் யாரோ ஒருவர், மகள், அந்தத் திறப்பு விழாவில் ஓதின துஆவை உம்மாவுக்கும் ஓதிவிடு என்றார். பிள்ளை எழுந்து நின்றாள். கையை ஏந்தினாள். நான் தடுத்திருக்கவேண்டும். எழுந்தேன், ஆனால் எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுத் தேங்காய்த் துருவல் சட்டியைக் கழுவினேன். கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலாக ஒவ்வொரு வரியும் கேட்டது. அழுதுகொண்டே பெண்கள் ஆமீன் சொன்னதும் கேட்டது.

இரண்டு மாதத்தில் எனக்கு நியமனக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்திநேர மஃரிபு தொழுகை முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை ஓதத் தொடங்குவாள். முதலில் பாத்திஹா. பிறகு அந்தத் துஆ. உம்மாவுக்கும் ஓதலாமா என்று என்னிடம் கேட்டுத்தானே தொடங்கினாள். நான் அந்த நேரத்தில் மிக்சியைப் போடுவேன். தொலைக்காட்சியைக் கூட்டுவேன். என் வீட்டுக்காரர், உனக்கு என்ன, காது அடைத்துவிட்டதா என்று கேட்பார். காது அடைத்திருந்தால் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்திருப்பேன். பெருநாளுக்கு ஊரில் வேறெங்கோ இருந்தாலும் மஃரிபு பாங்கு சொன்னதும் எழுந்து மிக்சியைத் தேடுவேன். சுவர் இல்லாத இடத்திலும் கேட்கும். வருடம் போகப்போகக் குரல் தடித்தது. பதின்மூன்று வயதில் ஒருநாள் தூக்கிவாரிப்போட்டது. அது பிள்ளையின் குரலாக இருக்கவில்லை. அப்படியே அவளுடைய உம்மாவின் குரல்.

வேறு துஆ சொல்லிக்கொடுக்க நான் ஒரு முறை போனேன். துஆக்கள் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தகப்பன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் புதிதாக ஒன்று பழக்கலாம் என்று வந்தேன் என்றேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அவ அந்த துஆவ விடமாட்டா, டீச்சர். அவட உம்மா கடைசியாக் கேட்ட புள்ளட குரல் அதுதானே. சந்தோசமாக் கேட்டிருப்பா."

புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அந்த மனிதருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சந்தோஷம்தான். அதையும் நானா எடுப்பது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு. யோசித்துப் பார்த்தால் எம்.பி.யின் காய்ச்சலைவிட நல்ல சாட்டு.

அந்தக் குரல் பதிவை நான் அழிக்கவில்லை. இரண்டு முறை தொலைபேசி மாற்றினேன். இரண்டு முறையும் புத்தளம் கடைக்காரரிடம், எல்லாம் போனாலும் இது ஒன்று போகக்கூடாது என்று சொல்லி மாற்றித்தரச் சொன்னேன். ஏதோ முக்கியமான மார்க்கப் பயான் போலும் என்று அவர் நினைத்திருப்பார்.

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்து அரபு மொழியைப் பாடமாக எடுத்தாள். அரபுக்கு எங்கள் பாடசாலையில் நான் ஒருத்திதான். அரபிப் படிப்பில் வினைச்சொல் படிக்கத் தொடங்கும் எவரும் முதலில் படிப்பது 'நஸர' என்ற சொல்லைத்தான். உதவினான், வெற்றியளித்தான் என்று பொருள். எங்களுக்குக் கற்பித்த ஹஸ்ரத்மார் காலங்காலமாக அதை வைத்தே பழக்கினார்கள். நான் அந்த வருடம் அதை விட்டுவிட்டு 'கதப', எழுதினான், என்ற சொல்லை வைத்துப் பழக்கினேன். இது புது முறை, இலகுவானது என்று அதிபருக்கு விளக்கமும் சொன்னேன். ஒரு சொல்லை மறைத்தால் பிள்ளைக்கு மொழி தெரியாமல் போய்விடும் என்று நம்பிய ஆசிரியை உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு பிள்ளை வகுப்பறையிலேயே நின்றாள். மற்றப் பிள்ளைகள் போய்விட்டார்கள். கொப்பியைத் திறந்து என் மேசையில் வைத்தாள். பக்கத்தின் மேலே அரபியில் ஆறு வரி. வளைவுத் தூணில் நின்று பார்த்து எழுதியிருக்கிறாள். கீழே தமிழில் ஆறு வரி. 'அவருடைய படைகளுக்கு' என்ற இடத்தில் அடைப்புக்குறி போட்டு அந்த நாட்டின் பெயரையும் எழுதியிருந்தாள். எந்த நாட்டின் விமானங்கள் என்பதை இப்போதெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க அரபி தேவையில்லை.

"பிழை இருந்தாத் திருத்தித் தாங்க, டீச்சர்" என்றாள்.

சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தேன். ஆறு வரியையும் வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். ஒரு பிழை, ஓர் ஒற்றுப்பிழையாவது இருக்காதா என்று தேடினேன். இருக்கவில்லை.

பிழையில்லை என்றேன்.

அவள் கொப்பியை எடுக்கவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்கு எழுந்து கட்டிப்பிடிக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

"உம்மாக்கு இது வெளங்கியிரிக்குமா, டீச்சர்?"

இந்த முறையும் பொய் சொல்ல வழி இருந்தது. அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள்தானே, எங்கே விளங்கப்போகிறது என்று சொல்லலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது.

"ஓம்" என்றேன். பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அந்தக் குரல் பதிவைப் போட்டேன்.

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள். ஆறு வருடத்துக்குப் பிறகு உம்மாவின் குரல், அவளுடைய குரலேதான், வகுப்பறையில் ஒலித்தது. புள்ளைக்கு வேற துஆ ஒண்டு சொல்லிக் குடுங்க, ராத்தா. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாம் முறை அவளே விரலை வைத்துப் போட்டாள். இது எப்போது வந்தது என்று கேட்டாள். சொன்னேன். துஆவை எழுதியதும் நான்தான் என்று சொன்னேன். இணைப்பாளரிடம் போனதைச் சொன்னேன். நியமனத்தைச் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த வேற துஆ எது, டீச்சர்?"

எனக்கு நூற்றுக்கணக்கான துஆக்கள் மனப்பாடம். அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நான் உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தகப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்த புத்தகத்தில்கூட ஒரு பக்கத்தை மடித்துவைத்திருக்கவில்லை.

அவள் கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இப்போதும் வகுப்பில் முன்வரிசையில்தான் இருக்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். பிழையில்லாமல்.

அன்று மஃரிபு பாங்கு சொன்னது. தொழுதேன். மிக்சியைப் போடவில்லை, தொலைக்காட்சியைக் கூட்டவில்லை. என்ன ஓதுவாளோ என்று சுவரில் காதை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருமல்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் இருக்கவில்லை, நேற்றும் இருக்கவில்லை. இன்றைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.